கைபடாத பந்தல்

தங்கப்பாண்டியன் தோட்டம் ஒரே ஒரு மனிதருக்குச் சொந்தமாக இருந்தவரைக்கும் ஊரே அதற்குள் புகுந்து புறப்பட்டது. 'பொதுமக்களுக்கானது' என்று வாசலில் எழுதி வைத்த நாளில் இருந்துதான் பொதுமக்களுக்கு வழி அடைபட்டது. இப்போது உள்ளூர்க்காரன் உள்ளே போக வேண்டுமென்றால் மாதத்தின் முதல் புதன்கிழமை ஆதார் அட்டையோடு போய் நிற்க வேண்டும். மற்ற நாட்களில் டிக்கெட். மனசு வந்தவர்கள் எடுத்துக்கொள்ளலாம். சுருளிப்பட்டியில் அப்படி மனசு வந்தவர் இதுவரைக்கும் யாரும் இல்லை.

சுருளி அருவிக்குப் போகிற சாலையில் பதினோரு ஏக்கர். பெரியவர் தங்கப்பாண்டியன் கையில் காசு சேர்ந்தால் செடி வாங்குகிற ஆள். குமுளிப் பக்கம் போனால் ஜாதிக்காய்க் கன்றோடு திரும்புவார். மா, தென்னை, நாவல், ஒரு தாமரைக் குளம், சீமை ஓட்டு பங்களா, எல்லாவற்றுக்கும் நடுவில் அரை ஏக்கருக்குப் பன்னீர் திராட்சைப் பந்தல். ஆடி அமாவாசைக்கு அருவிக்குப் போகிற கூட்டத்தில் பாதி தோட்டத்துக்குள் நுழைந்துதான் போகும். பெரியவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மாங்காய்க்குக் கல் விடுகிறவர்களை வாய் நிறைய வைது தள்ளுவார். எழுந்து போய் ஒருத்தரையும் விரட்டியது கிடையாது.

அந்தப் பந்தலை நட்டது குருசாமி. இருபத்து நாலு வயதில் நட்டார். அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கொடிகளுக்கு அவர்தான் கவாத்து வெட்டினார். அறுப்பு முடிந்து கொடி ஓய்ந்ததும் இலையை எல்லாம் உருவிவிட்டு, நீண்டு போன குச்சிகளைத் துளிர் வரும் கண் எண்ணி வெட்ட வேண்டும். கணக்கில்லாமல் வெட்டினால் வெறும் இலையாகத்தான் போகும், குலை வராது. வெட்டிய அன்றைக்குக் கொடி மொட்டையாக, பார்க்கப் பாவமாக நிற்கும். வெட்டுவாயில் தண்ணீர் சொட்டும். நாலாம் மாதம் பந்தலுக்குக் கீழே நிமிர்ந்து நடக்க முடியாது, அத்தனை குலை. கம்பத்தில் இருந்து காமயகவுண்டன்பட்டி வரைக்கும் குருசாமி கைபட்ட பந்தல் என்றால் வியாபாரி வந்து பார்க்காமலே பேசி முடிப்பான். அந்தப் பெருமை அவருக்கு உண்டு. வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார், ஆனால் உண்டு.

பெரியவர் போன பிறகு மகன் விஜய்பாண்டி பெங்களூரில் இருந்து வந்தார். பிளாட் போட்டு விற்றுவிடுவார் என்று ஊர் பேசியது. அவர் விற்கவில்லை. தோட்டத்தைத் திறந்தவெளிக் கலைக்கூடம் ஆக்கினார். "அப்பாவோட தோட்டம் எல்லாருக்கும் சொந்தமா இருக்கட்டும்" என்று திறப்பு விழாவில் பேசினார். கை தட்டியவர்களில் குருசாமியும் ஒருவர். லாரி லாரியாகச் சாமான் வந்து இறங்கியது. மாமரங்களுக்குக் கீழே நாற்பது இரும்பு நாற்காலிகள், குளத்துக்குள் ஆள் உயரத்துக்கு ஒரு காது, தென்னைகளுக்கு நடுவே கயிற்றில் தொங்கும் உடைந்த பானைகள். குருசாமியின் மனைவி மாயக்காள் அன்றைக்கு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "எழவு வீட்டுல சேர் போட்டு வச்ச மாதிரி இருக்கு, ஆளுகளத்தான் காணோம்" என்றாள்.

குருசாமிக்கு இதைப் பற்றியெல்லாம் ஒரு கருத்தும் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அது கிடைத்துவிட்டது. மகள் ஹேமாவதிக்கு அங்கே வேலை.

ஹேமாவதி உத்தமபாளையம் காலேஜில் இங்கிலீஷ் படித்தவள். கடமலைக்குண்டில் கட்டிக்கொடுத்தார்கள். பதினோரு மாதத்தில் ஒரு கைப்பையோடு திரும்பி வந்து நின்றாள். புருஷன் குடிக்கிறான், அடிக்கிறான் என்றால் ஊருக்குப் புரியும். அவன் குடிக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. பதினோரு மாதமும் அவளோடு பேசவே இல்லை, அவ்வளவுதான். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் "இதுக்கா வந்த?" என்று கேட்பார்கள். கேட்டார்கள். இரண்டு வருஷம் அவள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. குருசாமி அந்தத் தோட்டத்து முதலாளிகளிடம் வாய் திறந்து கேட்ட ஒரே உதவி மகளுக்கு ஒரு வேலை. விஜய்பாண்டி மறுக்கவில்லை. வழிகாட்டி வேலை, நீலக் கைத்தறிச் சேலை, நெஞ்சில் பேர் எழுதிய வில்லை. வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றும் என்ன என்று தமிழிலும் இங்கிலீஷிலும் சொல்ல வேண்டும். ஆறே மாதத்தில் அவள் நடையே மாறிவிட்டது. காலையில் அவள் ஸ்கூட்டியை எடுக்கும்போது குருசாமி வேறு ஏதோ வேலையாக இருப்பதுபோல வாசலில் நின்றுகொண்டு பார்ப்பார். இந்த வேலை மட்டும் இவளுக்கு நிலைத்துவிட்டால் போதும், தனக்கு வேறு எதுவுமே வேண்டாம் என்று நினைத்துக்கொள்வார்.

அவருக்கும் உள்ளேயே வேலை இருந்தது. பாதை கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது. "பந்தல் வேலை இப்போதைக்கு வேண்டாம்" என்று விஜய்பாண்டி சொல்லியிருந்தார். ஆள் கிடைக்காத காலத்தில் எல்லாத் தோட்டக்காரரும் சொல்கிற பேச்சுதான் என்று குருசாமி எடுத்துக்கொண்டார்.

பந்தலுக்கு ஒரு பேர் வைத்துப் பலகை நட்டிருந்தார்கள். 'கைபடாத பந்தல்.' அதற்குக் கீழே ஜேசுராஜ் என்று கலைஞரின் பேர். ஜேசுராஜ் ராயப்பன்பட்டிக்காரர்தான். எங்கெங்கோ படித்து, வெளிநாடெல்லாம் போய்ப் பேர் வாங்கியவர். அவர் தாத்தாவுக்கும் திராட்சைத் தோட்டம் இருந்ததாம். வந்த அன்றைக்கே "அண்ணே" என்று குருசாமியின் தோளில் கை போட்டுப் பேசினார். பந்தல் ஓரத்துக் கல்தூணில் ஒரு சின்னக் கேமராவை மாட்டிவிட்டுப் போனார். மணிக்கு ஒரு படம் அது எடுக்கும். திருட்டுக்குப் பயந்து மாட்டியிருக்கிறார்கள் என்று குருசாமி நினைத்தார். பலகையின் அடியில் 'தயவுசெய்து தொடாதீர்கள்' என்றும் இருந்தது. அப்படி ஒரு வரி காதுக்கும் இருந்தது, நாற்காலிகளுக்கும் இருந்தது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு வைத்தது. நட்டவனுக்கு யாராவது பலகை வைப்பார்களா?

ஒருநாள் பக்கத்துப் பாதையைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது மகள் பேசுவது காதில் விழுந்தது. எதிரே இருபது பேர் நின்றிருந்தார்கள்.

"இந்தப் பந்தலுக்கு ரெண்டு வருஷமா யாரும் கவாத்து பண்ணல. மனுஷங்க கை விலகிட்டா ஒரு கொடி எப்படி வளருது, எப்படி நோய்ப்படுது, எப்படி முடியுதுங்கிறத நாம பொறுமையா பாக்குறோம். அந்தப் பார்வைதான் இங்க படைப்பு."

குருசாமிக்கு முகம் சுட்டது. கொடி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கூரையாக மண்டிக் கிடந்தது. இலைகளில் செவட்டை நோய் விழுந்து பாதி கருகியிருந்தது. கவாத்துக்கு ஆள் பிடிக்க முடியாத கேவலத்தை மகள் என்னமாய்ப் பூசி மெழுகுகிறாள்! தினமும் எத்தனை பேர் முன்னால் இந்தப் பொய்யைச் சொல்கிறாளோ? விவரம் தெரிந்தவன் ஒருத்தன் வந்து நின்று, "ஏம்மா, நீ கவாத்துக்காரன் மகதான?" என்று கேட்டுவிட்டால் அவள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள்? தெரிந்தே, வேண்டுமென்றே, ஒரு கொடியை யாராவது சாக விடுவார்கள் என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை. முப்பத்து மூன்று வருஷத்துக் கைக்கு அது எப்படி ஏறும்?

அந்த வாரமே டீக்கடையில் நத்தர்ஷா பிடித்துக்கொண்டார். தோட்டத்துக்கு அடுத்த பந்தல் அவர் குத்தகைக்கு எடுத்தது. அவரும் கவாத்துக்காரர்தான். இரண்டு பேரும் சின்ன வயதில் இருந்து மாமன் மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொள்கிறவர்கள்.

"மாப்ள, ஒன் பந்தல்ல இருந்து செவட்டை எம் பந்தலுக்கு எறங்குது. ரெண்டு தரம் மருந்தடிச்சுட்டேன். நீ உள்ளயே குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது பந்தல் இப்படியா கெடக்கும்?"

"அங்கன ஆள் தோதுப்படல மாமா."

"ஆள்தானே? நான் வாரேன். நம்ம ஆளுக நாலு பேரு அவனவன் கத்தரியோட வாரோம். ஒரு நா வேல. பெரியவரு கையில சாப்ட்ட சோத்துக்கு ஒரு நா வெட்ட மாட்டமா?"

குருசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. கூலி பேசாமல் வந்து நிற்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது.

திங்கட்கிழமை கலைக்கூடத்துக்கு விடுமுறை. ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், ஹேமாவதியும் மாயக்காளும் தேனிக்குச் சேலை எடுக்கப் போயிருந்தபோது, ஐந்து பேர் கத்தரியோடு வந்தார்கள். காவலாளி பழைய ஆள். கேட்டைத் திறந்து விட்டதோடு டீயும் வாங்கி வந்து கொடுத்தார். குருசாமி மகளிடம் மூச்சு விடவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் வந்து பார்க்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்து வெட்டினார். இரண்டு வருஷம் கழித்துக் கத்தரி அந்தக் கொடியில் இறங்கிய சத்தம் அவருக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. நத்தர்ஷா கல்தூணைக் காட்டி, "படம் எடுக்குது மாப்ள, தலையச் சீவு" என்று கேலி செய்தார். குருசாமி நிஜமாகவே சட்டைப் பையில் இருந்து சீப்பை எடுத்துச் சீவிக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். சாயங்காலம் வெட்டின குப்பையை அள்ளி, தரையைக் கூட்டி, மொட்டைப் பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். குச்சிக்குக் குச்சி தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்று ராத்திரி இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் பத்தரை மணிக்கு ஹேமாவதி ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாற்காலிகளைச் சொல்லி முடித்துவிட்டு, பின்பக்கமாக நடந்துகொண்டே, "அடுத்து நாம பாக்கப்போறது…" என்று திரும்பினாள். மொட்டைப் பந்தலைப் பார்த்தாள். குருசாமி துடைப்பத்தோடு ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார். மகள் இப்போது சிரிப்பாள், இப்போது சிரிப்பாள் என்று பார்த்தார். அவள் கூட்டத்தை விட்டுவிட்டு அவரிடம் வந்தாள்.

"என்னப்பா பண்ணி வச்சிருக்க?"

"வெட்டியாச்சு ஆத்தா. இனிமே நீ ஆளாளுக்குச் சமாளிச்சுப் பேச வேண்டியதில்ல."

"சமாளிச்சனா?" என்றாள். "நான் சொன்னதெல்லாம் நெசம்ப்பா. அதுக்குத்தான் அத்தன பேரும் வாராக. அதுதான்ப்பா இங்கன வேலையே."

குருசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்தும் புரியவில்லை. கொடியைச் சாக விடுவது ஒரு வேலையா? ஆனால் மகள் கண்ணில் தெரிந்த பயம் மட்டும் நன்றாகப் புரிந்தது. கடமலைக்குண்டில் இருந்து கைப்பையோடு வந்து நின்ற அன்றைக்குப் பார்த்த அதே கண்.

ஜேசுராஜ் இரண்டாம் நாள் வந்து சேர்ந்தார். கத்துவார், அடிக்கக்கூட வருவார் என்று குருசாமி எதிர்பார்த்தார். அவர் பந்தலுக்குக் கீழே ரொம்ப நேரம் அண்ணாந்து நின்றார். பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து கேமரா எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். குருசாமி எதிரே நின்றார். விஜய்பாண்டி உட்காரச் சொல்லவில்லை.

"கண்ணு எண்ணித்தான வெட்டிருக்கீங்க அண்ணே?" என்று ஜேசுராஜ் கேட்டார்.

"ஆமா தம்பி."

"எங்க தாத்தாவும் இப்படித்தான் வெட்டுவாரு." அவர் கண் பளபளவென்று இருந்தது. "அந்தக் கத்தரிய எனக்குத் தாங்க."

அழிந்துபோனதாக நினைத்த படைப்பு அந்த அறையிலேயே வேறொன்றாக எழுந்துவிட்டது. பந்தல் அப்படியே இருக்கும். பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கத்தரி இருக்கும். சுவரில் படங்கள் இருக்கும். மனிதன் கை விலகினால் என்ன ஆகும் என்று காட்டப் போனார்கள். கை விலக மறுத்துவிட்டது. ஜேசுராஜ் இதை ஆங்கிலத்திலும் தமிழிலும் கலந்து சொன்னார். விஜய்பாண்டியின் முகத்தில்கூட ஒரு தெளிச்சி வந்தது. ஆகக்கூடி எல்லோருக்கும் நல்லதாகவே முடிந்தது, வெட்டினவரைத் தவிர.

"ஆனா பேர் வேண்டாம்ணே," என்றார் ஜேசுராஜ். "பேர் போட்டா அது ஒரு ஆளோட தப்பாப் போயிரும். பேரில்லாம இருந்தாத்தான் அது இந்த மண்ணோட கை."

விஜய்பாண்டி அப்படி அழகாகச் சொல்லவில்லை. "எங்க ஆளே எங்க படைப்ப வெட்டினாருன்னு வெளிய போகக்கூடாது. நீங்க இனிமே இங்க வேலைக்கு வர வேண்டாம். நீங்கதான்னு யார்கிட்டயும் சொல்லக்கூடாது. ஹேமாவும் சொல்லக்கூடாது."

"எம்மக வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல தம்பி?"

"நீங்க இதுல கையெழுத்துப் போட்டா ஆகாது."

குருசாமி எழுத்துக்கூட்டிப் பேரை எழுதினார். அவர் பேர் அந்தத் தோட்டத்தில் எழுதப்பட்டது அந்த ஒரு தரம்தான்; அதுவும் பேர் வேண்டாம் என்று எழுதிய தாளில். கேட்டைத் திறந்து விட்ட காவலாளியையும் அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். அந்த மனிதருக்குக் கையெழுத்துப் போடுகிற மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

ஹேமாவதி அடுத்த வாரமே துணிமணிகளை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் பின்னால் வேலையாட்களுக்கு இருந்த அறைக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். மாதம் ஒரு தரம், அவர் இல்லாத நேரம் பார்த்து வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவாள். யாரிடம் கற்றுக்கொண்டாள் அந்தப் பேசாமையை என்று குருசாமி நினைத்துப் பார்த்தார்.

ஆவணியில் வெட்டிய கொடிக்கு மார்கழியில் பழம். நாள் நெருங்க நெருங்க அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நத்தர்ஷாவின் பந்தலில் கூலிக்குக் குலை அறுத்துக்கொண்டே வேலியைத் தாண்டித் தாண்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. முதல் புதன்கிழமை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார்.

"மகளப் பாக்கவா, கொடியப் பாக்கவா?" என்று மாயக்காள் கேட்டாள்.

"ரெண்டும் ஒரே எடத்துலதான இருக்கு" என்றார்.

கேட்டில் புது ஆள். ஆதார் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்து, "உள்ள எதையும் தொடக்கூடாது பெருசு" என்று சொல்லி விட்டான். தான் கூட்டிய பாதையிலேயே குருசாமி யாரோ மாதிரி நடந்தார். ஜாதிக்காய் மரத்துக்கு யாரும் தண்ணீர் காட்டவில்லை, இலை தொங்கிக் கிடந்தது. கைக்குத் தானாக ஒரு குழாயைத் தேடுகிற பழக்கம். கையைக் கட்டிக்கொண்டார்.

பந்தல் தூரத்திலேயே மணத்தது. கிட்டப் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். அப்படி ஒரு காய்ப்பு அவர் ஆயுசில் அந்தப் பந்தல் காய்த்ததில்லை. இரண்டு வருஷம் தூங்கிய கொடி மொத்தத்தையும் கொட்டியிருந்தது. கருகருவென்று குலைகள். ஆனால் பதம் தப்பிப் பத்து நாளாவது ஆகியிருந்தது. பழங்கள் வெடித்துச் சாறு தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. தேனீயும் குளவியும் மொய்த்தன. புளிச்ச வாடை வர ஆரம்பித்துவிட்டது.

பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே அவர் கத்தரி. ஒவ்வொரு வேலைக்கும் பிறகு தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து வைப்பார். இப்போது அதன் வாயில் துரு ஏறியிருந்தது. அதன் பின்னால் புதிதாக எழுப்பிய சுவரில் எட்டுப் படங்கள். எல்லாவற்றிலும் மற்ற நாலு பேரையும் எடுத்துவிட்டு, அவரை மட்டும் வைத்து முகத்தைக் கலைத்து விட்டிருந்தார்கள். ஒரு படத்தில் தலைக்குப் பக்கத்தில் சீப்பு மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

மதுரையில் இருந்து வந்த காலேஜ் பிள்ளைகளோடு ஹேமாவதி வந்தாள். அவரைப் பார்த்தாள். பார்த்தாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு பேச ஆரம்பித்தாள்.

"ஒரு லீவு நாள்ல, அடையாளம் தெரியாத ஒரு தொழிலாளி உள்ள வந்து, இது கலைப்படைப்புன்னு தெரியாம மொத்தப் பந்தலையும் வெட்டிட்டாரு. கலைஞர் அத அழிவாப் பாக்கல. படைப்போட அடுத்த பாகமாப் பாத்தாரு."

"அவரு இப்ப எங்க இருக்காரு மேடம்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"தெரியல. கண்டுபிடிக்க முடியல."

குரலில் ஒரு நடுக்கம் இருக்குமா என்று குருசாமி காது கொடுத்துக் கேட்டார். இல்லை. நன்றாகப் பேசினாள். நன்றாகப் பேசுகிறாளே என்று அவருக்குப் பெருமையாகவும் இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. தன்னைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டவர், வாக்கு மாறுகிற ஆளும் இல்லை. ஆனால் தலைக்கு மேலே ஒரு குலை வெடித்து அவர் தோளில் சாறு விழுந்தபோது வாய் தன்னால் திறந்துகொண்டது.

"பழம் வீணாப் போகுதே. அறுக்க மாட்டாகளா?"

பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹேமாவதியும் பார்த்தாள். அக்கம்பக்கத்தில் விஜய்பாண்டி இல்லை, அலுவலக ஆள் ஒருத்தரும் இல்லை. அவள் நினைத்திருந்தால் கண்ணாலாவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

"அறுக்கக்கூடாது சார்," என்றாள். "விழுறதும் அழுகுறதும் இதுல ஒரு பகுதிதான்."

பிறகு, "அடுத்து குளத்துப் பக்கம் போவோம், வாங்க" என்று கூட்டத்தை நகர்த்திக்கொண்டு போனாள்.

குருசாமி வீட்டுக்கு வந்து வேட்டியை மாற்றிவிட்டு முகம் கழுவினார். சட்டைத் தோளில் திராட்சைக் கறை இருந்தது. மாயக்காள் அதைத் தண்ணீரில் நனைத்துக் கசக்கிக்கொண்டே கேட்டாள்.

"புள்ளையப் பாத்தீகளா?"

"பாத்தேன்."

"பேசுனாளா?"

"பேசுனா."

மாயக்காளின் முகம் மலர்ந்துவிட்டது. சட்டையைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தாள். "என்ன சொன்னா? என்னன்னு கூப்பிட்டா?"

"சார்னு கூப்பிட்டா."

கேலி பண்ணுகிறார் என்று நினைத்து மாயக்காள் சிரித்தாள்.